வானத்துக் கடிகாரத்துக்கு யார் பொறுப்பு?

பாய்லர் பழுதானால் யாரைக் கேட்பது என்று மில் தொழிலாளிக்குத் தெரியும். பாய்லரை ஓட்டுகிறவர் ஒருவர். வேண்டிய சாமான் வாங்கிப் போட்டுப் பழுது பார்க்கவேண்டியவர் முதலாளி. இந்த இருவரையும் சேராத மூன்றாவது ஆள் ஒருவர் குறித்த காலத்தில் வந்து, தட்டிப் பார்த்து, அழுத்தம் ஏற்றிப் பார்த்து, "ஓட்டலாம்" என்று சர்ட்டிபிகேட் கொடுக்கவேண்டும். அவர் இன்ஸ்பெக்டர். அந்த இன்ஸ்பெக்டர் ஒழுங்காக வருகிறாரா, அல்லது மானேஜர் அறையில் காப்பி குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறாரா என்பது வேறு சண்டை. ஆனால் ஓட்டுகிறவர் கை வேறு, சோதிக்கிறவர் கை வேறு என்ற நியாயத்தை மறுத்துப் பேச எந்த முதலாளிக்கும் துணிவு வருவதில்லை.

ஊருக்குள் இருக்கும் பாய்லருக்கு உள்ள இந்த நியாயம், நம் தலைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நம் பணத்தில் ஓடுகிற ஒரு யந்திரத்துக்கு இல்லை. அந்த யந்திரத்தின் பெயர் நாவிக். இந்திய சர்க்காரின் வழிகாட்டும் செயற்கைக்கோள் கூட்டம் அது. 2006-ல் 1,420 கோடி ரூபாய்க்கு அனுமதி தந்து தொடங்கிய காரியம். அதைக் கட்டுவது யார், ஓட்டுவது யார், சோதிப்பது யார், கெட்டுப்போனால் பதில் சொல்வது யார் என்று கேட்டால், முதல் மூன்று கேள்விக்கும் கிடைக்கும் பதில் ஒன்றே. விண்வெளி இலாகாவும் அதன் இஸ்ரோவும். நாலாவது கேள்விக்குப் பதிலே கிடையாது.

"நாற்று நடுகிறவளுக்கும் நூல் நூற்கிறவனுக்கும் இதில் என்ன ஐயா இருக்கிறது?" என்று வாசகர் கேட்பது காதில் விழுகிறது. விஷயம் இருக்கிறது. முதலில் யந்திரம் வேலை செய்யும் விதத்தைப் பார்த்துவிடுவோம். விஞ்ஞானம் என்று பயப்படவேண்டாம், மில் சங்கு தெரிந்தவருக்கு இதுவும் தெரியும்.

ஊரின் இரண்டு கோடியிலும் இரண்டு மில்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சரியாக ஆறு மணிக்குச் சங்கு ஊதுகின்றன. உங்கள் கையில் பிசகாத கைக்கடிகாரம் இருக்கிறது. ஒரு மில்லின் சத்தம் ஆறு மணிக்கு மேல் மூன்று விநாடி கழித்து உங்கள் காதில் விழுகிறது. சத்தம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஆகவே அந்த மில்லிலிருந்து நீங்கள் ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். அடுத்த மில்லின் சத்தத்தைக் கொண்டு அடுத்த தூரத்தைக் கணக்கிடலாம். மூன்றாவது மில்லும் இருந்தால், எந்தத் தெருவில் எந்த முனையில் நிற்கிறீர்கள் என்றே சொல்லிவிடலாம். செயற்கைக்கோள் செய்வது இவ்வளவுதான். சங்குக்குப் பதில் ரேடியோ அலை. காதுக்குப் பதில் டெலிபோனுக்குள் இருக்கும் சிறு சில்லு. அந்தச் சில்லின் கடிகாரம் மட்டமானது, அதைத் திருத்திக்கொள்ள இன்னொரு செயற்கைக்கோளும் வேண்டும். ஆகவே குறைந்தது நாலு செயற்கைக்கோள்கள் தெரிந்தால்தான் இடம் தெரியும்.

எல்லாம் சங்கு ஊதுகிறவனின் கடிகாரத்தில் இருக்கிறது. அவன் ஒரு விநாடி தாமதித்தால் உங்கள் கணக்கு 340 மீட்டர் தப்பிப்போகும். ரேடியோ அலையோ விநாடிக்கு மூன்று லட்சம் கிலோமீட்டர் போகும். அங்கே ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறு போட்டு அதில் ஒரு கூறு பிசகினாலும் 300 மீட்டர் தவறிவிடும். அதனால்தான் செயற்கைக்கோளுக்குள் அணுக் கடிகாரம் வைக்கிறார்கள். வழிகாட்டும் செயற்கைக்கோள் என்று பெரிய பெயர் சொன்னாலும், அது வானத்தில் தொங்கவிட்ட கடிகாரம்தான்.

இந்தக் கடிகாரம் இன்று எங்கெல்லாம் நுழைந்திருக்கிறது? கடலில் போகும் விசைப்படகில் இருக்கிறது. லாரியில், பஸ்ஸில், ரயிலில் இருக்கிறது. மின்சாரக் கட்டமைப்பும் டெலிபோன் கம்பெனியும் பாங்கியும் தங்கள் நேரத்தைச் சரிசெய்துகொள்வது வானத்து நேரத்தைப் பார்த்துத்தான். நூறு நாள் வேலைக்குப் போன விவசாயத் தொழிலாளிக்கு இது இன்னும் நெருக்கமாகத் தெரியும். 2023 ஜனவரி முதல், நாளுக்கு இரண்டு முறை நேரமும் இடமும் குறித்த புகைப்படம் ஏறினால்தான் வருகைப் பதிவு என்று உத்தரவு போட்டார்கள். வெயிலில் மண் வெட்டியவரின் சொல்லுக்கு மதிப்பில்லை, டெலிபோன் சொன்ன இடமே சாட்சி என்றாகிவிட்டது. கூலியை நிறுத்தும் அதிகாரம் ஒரு கருவிக்கு வந்துவிட்டால், அந்தக் கருவிக்கு யார் பொறுப்பு என்று கேட்கும் உரிமையும் கூலிக்காரருக்கு வந்துவிடுகிறது.

அமெரிக்காவின் ஜி.பி.எஸ்., ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்தோ எல்லாம் இருக்கும்போது நமக்கென்று தனியாக ஒன்று எதற்கு என்று சில படித்தவர்கள் கேட்கிறார்கள். 2000-ம் ஆண்டு மே 2 வரையில், அமெரிக்க சர்க்கார் ஜி.பி.எஸ்-ஸின் பொது சிக்னலில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து உலகத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. நல்ல கணக்கு அதன் ராணுவத்துக்கு, நூறு மீட்டர் வரை தப்பும் கணக்கு மற்றவர்க்கு. இது ரகசியமான சதியல்ல, பகிரங்கமாக அறிவித்த கொள்கை. இன்று அந்தப் பிழையை எடுத்துவிட்டார்கள். எடுத்த கையின் சொந்தக்காரர் அவர்தான். அடுத்தவன் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்துத் தன் ஷிப்டை நடத்தும் நாடு எத்தனை நாள் தைரியமாக இருக்க முடியும்? ஆகவே சொந்தக் கூட்டம் வேண்டும் என்ற தீர்மானம் சரியான தீர்மானம்.

தீர்மானம் சரி. நடந்தது என்ன?

முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1-ல் ஏறியது. ஏழாவது 2016 ஏப்ரல் 28-ல் ஏறியது. அன்றே பிரதமர் அதற்கு நாவிக் என்று பெயர் சூட்டினார். வடமொழியில் அந்தச் சொல்லுக்குப் படகோட்டி, மாலுமி என்று பொருள். பெயரில் படகோட்டி வந்துவிட்டான். நிர்வாகத்தில் அவனுக்கு இடம் உண்டா என்பதைப் பிறகு பார்ப்போம்.

பெயர் சூட்டிய அதே ஆண்டில் முதல் செயற்கைக்கோளின் கடிகாரங்கள் நிற்கத் தொடங்கின. ஒவ்வொன்றிலும் மூன்று கடிகாரங்கள், எல்லாம் வெளிநாட்டிலிருந்து வாங்கியவை. முதலாவதின் மூன்றும் நின்றுபோயின. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்ட் 31-ல் அனுப்பிய செயற்கைக்கோள், ராக்கெட்டின் மேல்மூடி கழலாததால் உள்ளேயே அடைபட்டுப் போயிற்று. 2018 ஏப்ரலில் இன்னொன்றை அனுப்பிச் சேர்த்தார்கள். அடுத்தது ஏறியது 2023 மே 29-ல்தான். நடுவில் ஐந்து ஆண்டுகள்! கொரோனா காலமும் அதில் இருக்கிறது, அதை ஒப்புக்கொள்வோம். ஆனால் பத்து ஆண்டு ஆயுள் என்று கணக்கிட்டு ஏற்றிய சாமான், கடிகாரம் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருக்கிற சாமான், அதற்கு மாற்று எங்கே என்று அந்த ஐந்து ஆண்டில் கேட்கும் கடமை யார் தலையில் எழுதப்பட்டிருந்தது?

2023-ல் ஏறியதில் நம் விஞ்ஞானிகளே செய்த அணுக் கடிகாரம் இருந்தது. இது பெரிய சாதனை. பட்டறையில் ரசமட்டம் பிடித்தவர்கள் அதன் அருமையை உணர்வார்கள். அடுத்தது 2025 ஜனவரி 29-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நூறாவது ராக்கெட்டில் ஏறியது. ராக்கெட் பிசகவில்லை. ஆனால் செயற்கைக்கோள் தன் எஞ்சினை எரித்து மேல் பாதைக்கு உயரவேண்டிய நேரத்தில் ஒரு வால்வு திறக்கவில்லை.

கூட்டிப் பார்த்தால் பதினொன்று ஏறியிருக்கின்றன. 2025 ஜூலையில் பார்லிமெண்டில் சர்க்கார் கொடுத்த கணக்கு இது: இடம் காட்டும் வேலையைச் செய்வது 4. செய்தியை ஒரு வழியாக அனுப்ப மட்டும் பயன்படுவது 4. ஓய்வு கொடுக்கப்பட்டது 1. போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போகாதது 2. இடம் காட்டக் குறைந்தது நாலு வேண்டும் என்று மேலே சொன்னோம். சரியாக நாலுதான் இருந்தது. நாலு கால் கட்டிலில் நாலு காலும் இருக்கிறது, ஐந்தாவது கால் எதற்கு என்று வாதாடலாம். ஒரு காலில் செல் அரித்தால் படுத்திருப்பவனின் கதி என்ன என்றுதான் நாம் கேட்கிறோம்.

இதில் விஞ்ஞானியையோ, அசெம்பிளிக் கூடத்தில் விடிய விடிய நின்ற தொழிலாளியையோ குற்றம் சொல்வது நமது நோக்கமல்ல. கடிகாரம் நிற்பது ஐரோப்பாவிலும் நடந்தது. ராக்கெட் மூடி கழலாததும் உலகத்தில் முதல் தடவையல்ல. யந்திரம் என்றால் பழுதாகும். குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. கட்டுகிறவரே ஓட்டுகிறார், ஓட்டுகிறவரே "நன்றாக ஓடுகிறது" என்று சர்ட்டிபிகேட் எழுதுகிறார். நன்றாக ஓடவில்லை என்பதை ஒரு எம்.பி. கேள்வி கேட்டால் அல்லது யாராவது தகவல் சட்டத்தில் மனுப் போட்டால்தான் ஊர் தெரிந்துகொள்கிறது. இந்த ஏற்பாட்டைச் செய்தது விஞ்ஞானி அல்ல, மந்திரி சபை. விண்வெளி இலாகா நேரே பிரதமரின் கீழ் இருக்கிறது. பிரதமரின் இலாகாவை எந்த மந்திரி எழுந்து நின்று கேட்பார்?

மற்ற நாடுகளில் இதை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்று பார்ப்பதில் தப்பில்லை. அமெரிக்காவையே எடுத்துக்கொள்வோம். அங்கே ஜி.பி.எஸ். முழுக்க முழுக்க ராணுவத்தின் குழந்தை. 1978-ல் முதல் செயற்கைக்கோளை அனுப்பியது விமானப்படை. இன்று ஓட்டுவது விண்வெளிப் படை. 1983 செப்டம்பர் 1-ல் வழி தப்பி சோவியத் எல்லைக்குள் போன தென்கொரியப் பயணி விமானத்தை சோவியத் போர் விமானம் சுட்டு வீழ்த்தி 269 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான், வேலை முடிந்ததும் ஜி.பி.எஸ்-ஸை உலக விமானங்களுக்கு இலவசமாகத் தருவோம் என்று ஜனாதிபதி ரீகன் அறிவித்தார். அறிவித்த பிறகும் பொது சிக்னலில் பிழை கலப்பது 17 ஆண்டுகள் கழித்தே நின்றது. ராணுவம் தானாக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. விமானக் கம்பெனிகள், கப்பல்காரர்கள், நில அளவையாளர்கள் எல்லோரும் வெளியிலிருந்து நெருக்கினார்கள். 1996-ல் ராணுவ இலாகாவும் போக்குவரத்து இலாகாவும் சேர்ந்து தலைமை வகிக்கும் ஒரு குழுவை அமைத்தார்கள். 2004-ல் அதை இன்னும் உயர்த்தி, இரண்டு இலாகாக்களின் துணை மந்திரிகளும் சரிசமமாகத் தலைமை வகிக்கும் தேசியக் குழுவாக்கினார்கள்.

அந்தப் பிரிவினையில் ஒரு சங்கதி நமக்கு முக்கியம். கட்டி ஓட்டுவது ராணுவம். பொது ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று சொல்வது போக்குவரத்து இலாகா. பொது ஜனங்களுக்கு மட்டுமே தேவைப்படும் புது வசதிக்குப் பணம் கொடுக்க வேண்டியது சிவில் இலாகாக்கள். கடலில் போகிறவன் "என் கருவிக்கு சிக்னல் வரவில்லை" என்று சொல்ல ஒரே வாசல் கடலோரக் காவல் படையின் வழிகாட்டு மையம். எந்தச் செயற்கைக்கோளை எந்த நாளில் பழுது பார்க்க நிறுத்துகிறோம் என்று முன்கூட்டியே உலகத்துக்கு அறிவிக்கிறார்கள்.

அமெரிக்க ஏற்பாடு சொக்கத் தங்கம் என்று சொல்ல வரவில்லை. 2020 ஏப்ரலில் அங்கே அலைவரிசை வழங்கும் கமிஷன், ஜி.பி.எஸ். அலைக்குப் பக்கத்திலேயே ஒரு தனியார் கம்பெனி தொழில் நடத்த அனுமதி கொடுத்தது. ராணுவ இலாகா, போக்குவரத்து இலாகா இரண்டும் சேர்ந்து எதிர்த்தன. எதிர்ப்பு ஏடேறவில்லை. எத்தனை பெரிய குழு வைத்தாலும், அலைவரிசையின் சாவியை வைத்திருப்பவரை அதற்குள் கொண்டுவராவிட்டால், முன் வாசலில் பூட்டுப் போட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

ஐரோப்பாவில் கலிலியோ 2019 ஜூலையில் ஏறக்குறைய ஒரு வாரம் படுத்துவிட்டது. அங்கே சொத்துக்காரர் ஐரோப்பியக் கமிஷன், தயாரித்துக் கட்டுவது விண்வெளி நிறுவனம், சேவையை நடத்துவது இன்னொரு அமைப்பு. மூன்றும் வேறாக இருந்ததால், யந்திரத்தைச் சேராத ஒரு விசாரணைக் குழுவைக் கமிஷன் போட முடிந்தது.

ரஷ்யாவின் கதை துக்கமான கதை. சோவியத் காலத்தில் 1982-ல் தொடங்கிய குளோனாஸ், 1995-ல் 24 செயற்கைக்கோள்களோடு நிறைவு பெற்றது. நாடு சிதறி, கஜானா வற்றிய ஆண்டுகளில் மாற்று அனுப்ப ஆள் இல்லை. 2001 வாக்கில் வேலை செய்தவை பத்துக்கும் குறைவு. மறுபடி முழு எண்ணிக்கையைத் தொட 2011 ஆயிற்று. வானத்தில் வைத்தது அணை போல நூறு ஆண்டு நிற்கும் சொத்தல்ல. மாட்டுக்குத் தீனி போல நாள் தவறாமல் போட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

வெளிநாட்டைச் சொன்னால் "நம் நாட்டுக்கு ஒத்துவராது, இலாகா பெருகும், பைல் பெருகும்" என்பார்கள். நம் நாட்டிலேயே பிரித்து வைத்து நன்றாக நடக்கும் உதாரணம் இருக்கிறது. அதன் பெயர் ககன். ஜி.பி.எஸ். கணக்கைத் திருத்தி, விமானம் பத்திரமாக இறங்க உதவும் ஏற்பாடு அது. வானத்துப் பாகம் இஸ்ரோவுடையது. தரையில் நிலையங்களை வைத்துச் சேவை நடத்துவது விமான நிலைய அதாரிட்டி. இரண்டையும் சேராத சிவில் விமானப் போக்குவரத்து டைரக்டர் ஜெனரல் அலுவலகம் சோதித்து, 2013 டிசம்பரில் முதல் சர்ட்டிபிகேட்டும், 2015 ஏப்ரலில் அடுத்த படிச் சர்ட்டிபிகேட்டும் கொடுத்தது. கட்டுகிறவர், ஓட்டுகிறவர், சோதிக்கிறவர்: பாய்லர் நியாயம் அப்படியே இருக்கிறது! ஏன் இருக்கிறது? விமானத்தில் போகிறவர் யார் என்று யோசித்தால் காரணம் தெரியும். சர்ட்டிபிகேட் இல்லாத கருவியை நம்பி மந்திரியின் விமானம் இறங்காது.

கட்டுமரத்திலும் விசைப்படகிலும் போகிறவனுக்கு அந்த நியாயம் கிடையாது.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தது. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் ஜில்லாக்களிலிருந்து நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்கிப் பிடிக்கும் மீனவர்கள் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள். புயல் வெகு சீக்கிரத்தில் உருவாகிப் பலத்தது. கரையில் எச்சரிக்கை எழுதினாலும் அவர்கள் காதுக்கு எட்டும் வழி இல்லை. டெலிபோன் சிக்னல் கரையிலிருந்து சில மைலுக்கு மேல் போகாது. நூற்றுக்கணக்கான குடும்பங்களில் ஆள் திரும்பவில்லை. பல குடும்பங்களுக்கு உடலும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் வானத்து வழியாகப் படகுக்குச் செய்தி அனுப்பும் வேலை வேகம் பிடித்தது. நாவிக்கின் சிக்னலில் செய்தி ஏற்றினார்கள். 2019 அக்டோபரில் ககன் வழியாகச் செய்தி அனுப்பும் ஜெமினி என்ற கருவியை வெளியிட்டார்கள். 2024 ஆகஸ்டில் மகாராஷ்டிரத்தின் பால்கரில், ஒரு லட்சம் படகுகளில் இருவழிக் கருவி பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தைப் பிரதமர் தொடங்கிவைத்தார். படகிலிருந்தும் "ஆபத்து" என்று கூவலாம். கடல் எல்லையை நெருங்கினாலும் அது எச்சரிக்கும். ராமேஸ்வரம் பக்கத்து மீனவருக்கு இதன் அருமையைச் சொல்லவேண்டியதில்லை.

நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் ஒரு செய்தி எத்தனை கை மாறி அந்தப் படகுக்குப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். புயல் வருகிறது என்று எழுதுவது வானிலை இலாகா. அலை எவ்வளவு உயரம் என்று சொல்வது ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையம். இரண்டும் புவி அறிவியல் மந்திரியின் கீழ் வருகின்றன. செய்தியைத் தூக்கிப்போகும் செயற்கைக்கோள் விண்வெளி இலாகாவுடையது. ஜெமினி என்றால் நடுவில் விமான நிலைய அதாரிட்டியும் உண்டு. இருவழிக் கருவியைப் படகில் மாட்டுவது மீன்வள இலாகாவின் திட்டம். படகைப் பதிவு செய்து கணக்கு வைப்பது மாநில சர்க்கார். கூவல் கேட்டால் தேடிப் போகவேண்டிய கடலோரக் காவல் படை ராணுவ மந்திரியின் கீழ் இருக்கிறது. அலைவரிசைக்குத் தனி இலாகா.

நடுக்கடலில் கருவி பேசாமல் கிடக்கிறது. கருவி பழுதா, வானத்தில் சிக்னல் இல்லையா, கரையில் செய்தியே எழுதப்படவில்லையா? படகிலிருக்கும் மனிதனுக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் தெரியும்: ஒரு பெட்டி, அதில் ஓசையில்லை. அவன் திரும்பி வந்து கேட்டால் மீன்வள அலுவலகம் இஸ்ரோவைக் காட்டும், இஸ்ரோ வானிலை இலாகாவைக் காட்டும், வானிலை இலாகா "நாங்கள் அனுப்பிவிட்டோம்" என்று நகலைக் காட்டும். மூவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம்! திரும்பி வராதவனுக்காகக் கேட்க வருபவள் அவன் மனைவி. அவளை எத்தனை வாசலுக்கு அலைய விடுவது?

கடைமடை விவசாயிக்கு இந்த அலைச்சல் புதிதல்ல. ஷட்டர் ஒரு இலாகா கையில், வாய்க்கால் தூர் எடுப்பது ஒரு இலாகா கையில், பட்டா ஒரு இலாகா கையில், பயிர் கருகினால் கணக்கெடுப்பது வேறொரு இலாகா. அந்தக் காலத்தில் ஊரில் நீர்ப்பாய்ச்சி என்று ஒருவர் இருந்தார். வயலில் தண்ணீர் ஏறாவிட்டால் நடு இரவிலும் அவர் வீட்டுத் திண்ணையில் போய்க் கேட்கலாம். நாம் நீர்ப்பாய்ச்சி காலத்துக்குத் திரும்பச் சொல்லவில்லை. வேலையைப் பிரிப்பது வேறு, பொறுப்பைச் சிதறடிப்பது வேறு என்பதைச் சொல்கிறோம். நாவிக் விஷயத்தில் இரண்டு கோளாறும் ஒருங்கே இருக்கின்றன. பிரிக்கவேண்டிய கட்டுமானமும் நடத்தலும் சோதனையும் ஒரே கையில் குவிந்து கிடக்கின்றன. ஒன்றாக வைக்கவேண்டிய முறையீட்டு வாசல் எட்டுத் திக்கில் சிதறிக் கிடக்கிறது.

விண்வெளி விஷயத்தில் சர்க்கார் பிரிவினையே செய்யவில்லை என்று சொல்ல முடியாது, செய்தது. 2019-ல் வியாபாரத்துக்கென்று நியூஸ்பேஸ் இந்தியா என்ற சர்க்கார் கம்பெனி. 2020-ல் தனியாருக்கு அனுமதி கொடுக்க இன்-ஸ்பேஸ். 2023-ல் இவற்றுக்கெல்லாம் கொள்கை. யார் விற்பது, யார் வாங்குவது, எந்தக் கம்பெனி உள்ளே வருவது என்ற பாகம் மளமளவென்று பிரிந்தது. வழிகாட்டும் செயற்கைக்கோளுக்கென்று 2021-ல் விண்வெளி இலாகா ஒரு நகல் கொள்கையை வெளியிட்டு அபிப்பிராயம் கேட்டது. 2017-ல் நகல் விட்ட விண்வெளி நடவடிக்கைகள் மசோதா 2025 வரையில் சட்டமாகவில்லை. லாபம் வரும் பக்கத்துக்கு எக்ஸ்பிரஸ், பொறுப்பு வரும் பக்கத்துக்குக் கட்டை வண்டி!

நாம் கேட்பது ஆகாயக் கோட்டையல்ல. கட்டும் வேலை இஸ்ரோவிடமே இருக்கட்டும், அதைவிடக் கைதேர்ந்தவர் இந்த நாட்டில் இல்லை. சேவை நடத்துவதற்குத் தனி சர்க்கார் அமைப்பு வேண்டும். அது கம்பெனியாகி விலை போகக்கூடாது, பொது சிக்னல் என்றென்றும் இலவசம் என்று சட்டத்திலேயே எழுதவேண்டும். சோதிக்கிறவர் இந்த இரண்டையும் சேராதவராக இருக்கவேண்டும். டில்லியில் இந்திய நேரத்தைக் காக்கும் தேசிய பௌதிக ஆய்வுக்கூடம் போன்ற இடத்தில் அதற்கு வேண்டிய அறிவும் கருவியும் இருக்கின்றன. எந்தச் செயற்கைக்கோள் வேலை செய்கிறது, எதன் கடிகாரம் நின்றது, மாற்று எப்போது என்று மாதந்தோறும் அவர் கையெழுத்தோடு வெளியாகட்டும், எம்.பி. கேள்விக்காகக் காத்திருக்க வேண்டாம். ராணுவத்துக்குத் தனி மறை சிக்னல் இருக்கிறது, இருக்கட்டும். அதன் பெயரைச் சொல்லிப் பொது சிக்னலின் கணக்கையும் மூடி வைக்கக்கூடாது.

இவர்களுக்கெல்லாம் மேலே இருக்கும் குழுவில் மீன்வளம், ரயில்வே, சாலை, வானிலை, அலைவரிசை இலாகாக்கள் உட்காரும்போது, படகுத் தொழிலாளர் சங்கத்துக்கும் லாரி டிரைவர் சங்கத்துக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் நாற்காலி போடவேண்டும். படித்த அதிகாரிகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சிக்னல் எந்த இடத்தில் எந்த நேரத்தில் வரவில்லை என்று உலகத்தில் முதலில் தெரிந்துகொள்கிறவர் அதை நம்பி நடுக்கடலில் நிற்பவர்தான்.

முறையீட்டு வாசல் ஒன்றே போதும். அது ஒவ்வொரு மீன்பிடித் துறைமுகத்திலும், அந்தந்தக் கடற்கரையின் பாஷையில், இரவிலும் ஆள் இருக்கும் அறையாக இருக்கவேண்டும். கோளாறு எந்த இலாகாவுடையது என்று கண்டுபிடிப்பது அந்த அறையின் வேலை, மீனவரின் வேலையல்ல.

இதற்குச் சட்டம் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கருவி மாட்டிய ஒவ்வொரு படகிலும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் கருவி பேசவில்லை, மறுபடி எப்போது பேசியது என்று எழுதி வைக்கட்டும். குளச்சலிலும் தூத்தூரிலும் ராமேஸ்வரத்திலும் நாகப்பட்டினத்திலும் உள்ள மீனவர் சங்கங்கள் மாதம் ஒருமுறை அந்த நோட்டுகளைச் சேர்த்து ஒரே கணக்காக்கி, ஒரு பிரதி மீன்வள இலாகாவுக்கும், ஒரு பிரதி விண்வெளி இலாகாவுக்கும், ஒரு பிரதி தங்கள் தொகுதி எம்.பி.க்கும் தபாலில் அனுப்பட்டும். அனுப்பியதற்கான ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும்.